மாமாவும் கோபாலும் ரெண்டு இலக்கமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. செமஸ்டர் ஆரம்பிச்சதுல இருந்து ஆணி கொஞ்சம் அதிகம். தலைப்பைப் பாத்துட்டு ஏதோ குடும்பக் கதைன்னு நினைச்சு வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். பாதி குடும்பக் கதைதான், மீதி சரித்திரம். கோபால்ங்கிறது சரோஜாதேவி கூப்பிடுற கோபால் இல்லை. 1959ல பொறந்த ஒரு கம்ப்யூட்டர் மொழி. தமிழ்ல எழுதினா அப்படித்தான் வருது, நான் என்ன பண்றது :-)

முதல்ல ஆணி என்னன்னு பாப்போம். நான் இங்க அமெரிக்காவுல எம்.எஸ். ரெண்டாவது வருஷம். மாணவர் விசாவுல இருக்கறவங்க வகுப்பு நடக்குற காலத்துல கேம்பஸுக்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம். கூடப் படிக்கிற மக்கள் எல்லாம் பேராசிரியர்களைப் பிடிச்சு, ஏதாவது ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குத் தீனி போடுற வேலையில சேந்துட்டாங்க. எனக்குக் கிடைச்சது ஒரு அலுவலகத்தோட பழைய ஓய்வூதியக் கணக்கு ப்ரோகிராம். கோபால்ல எழுதினது. அதை வரி வரியா படிச்சு, அது என்ன பண்ணுதுன்னு எழுதி வெச்சு, ஜாவாவுக்கு மாத்தணும். ரூம்மேட் கேட்டான், "டேய், நீ என்ன தொல்லியல் துறையா?" கிட்டத்தட்ட அப்படித்தான். கீழடியில தோண்டுற மாதிரி அடுக்கு அடுக்கா தோண்டிக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் ஒரு அடுக்குல ஒரு பானை ஓடு கிடைச்சுது. ஊழியர் வேலையில சேந்த வருஷத்தைப் படிக்கிற இடம். கோப்புல வருஷம் ரெண்டே இலக்கமாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ நாலு வரி. அந்த ரெண்டு இலக்கம் 30க்குக் குறைவா இருந்தா முன்னாடி 20 சேத்துக்கோ, இல்லேன்னா 19 சேத்துக்கோ. அதாவது 85ன்னா 1985, 12ன்னா 2012. மேல ஒரு குறிப்பு. 1998 நவம்பர், ஒய்2கே, பக்கத்துல மூணு எழுத்து இனிஷியல். அவ்வளவுதான்.

அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எனக்கு என் மாமா ஞாபகம் வந்துட்டார். இனிமே கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க.

மாமா அம்மாவோட தம்பி. சொந்த ஊர் லால்குடி பக்கம். திருச்சியில பி.எஸ்சி. கணக்கு முடிச்சுட்டு, 1997ல மெட்ராஸ் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல ஆறு மாசம் கோபால் படிச்சார். ஃபீஸுக்கு பாட்டியோட ரெட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போச்சு. 1999 ஜனவரியில அமெரிக்கா கிளம்பிட்டார். கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்டு, இன்சூரன்ஸ் கம்பெனிகளோட ஊர். அங்க ஒரு கம்பெனியில ஒய்2கே வேலை. நான் பொறந்தது அந்த வருஷம் நவம்பர்ல. காதுகுத்துக்கு மடி குடுக்க வேண்டிய தாய்மாமன் ஊர்ல இல்லை. அம்மாவோட சித்தப்பா மகன் மடியில உக்கார வெச்சுத்தான் எனக்குக் காது குத்தினாங்களாம். அந்தக் குறை அம்மாவுக்கு இன்னும் போகலை.

2000 மார்ச்லயே மாமாவோட ப்ராஜக்ட் முடிஞ்சுபோச்சு. அப்புறம் டாட்காம் கம்பெனிகள் வரிசையா கவுந்த நேரம். கோபால் தெரிஞ்ச ஆளுக்கு அங்க வேலை இல்லை. கொஞ்ச நாள் பெஞ்ச், கொஞ்ச நாள் அங்க இங்க. 2001 ஆகஸ்ட்ல ஊருக்கே திரும்பிட்டார். தாத்தாவோட உரக்கடையில உக்காந்தவர்தான், இன்னிவரைக்கும் அங்கதான். "அமெரிக்கா போயும் உரக்கடை"ங்கிறது எங்க சொந்தத்துல ஒரு பழமொழி மாதிரி ஆகிப்போச்சு.

இப்ப நான் பண்ணின பாவத்துக்கு வர்றேன். 2019 பொங்கல். நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ரெண்டாவது வருஷ இன்ஜினியரிங் பசங்களுக்குத் தெரியாத விஷயம் உலகத்துல எதுவுமே கிடையாதுங்கிறது உங்களுக்குத் தெரியும். தாத்தா வீட்டுத் திண்ணையில எல்லாரும் உக்காந்திருக்கோம். பேச்சு எப்படியோ ஒய்2கே பக்கம் போச்சு. நான் சொன்னேன், "அது சுத்த டுபாக்கூர் மாமா. கடைசியில ஒண்ணுமே நடக்கலையே? கன்சல்டன்சிக்காரன் பயம் காட்டி காசு பாத்துட்டான், அவ்ளோதான்." எல்லாரும் சிரிச்சாங்க. மாமாவும் கரும்பைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சார். "இருக்கும் மாப்ள"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை.

அந்த நாலு வரியைப் பாத்ததும் எனக்கு அந்த "இருக்கும் மாப்ள" காதுல விழுந்துச்சு. சரி, இந்த ரெண்டு இலக்கம் எங்கேர்ந்து வந்துச்சு, நிஜமாவே டுபாக்கூர்தானான்னு உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

கதை கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தொடங்குது. 1928ல ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில மொத்தம் 80 பத்தி. ஒரு பத்திக்கு ஒரு எழுத்து. ஒரு ஆளோட பேரு, விலாசம், கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் அந்த 80க்குள்ள அடங்கணும். ஒவ்வொரு தேதிக்கும் 19ன்னு ரெண்டு துளை கூடப் போட யாருக்கு மனசு வரும்? நம்ம ஊர் மொய் நோட்டுலயும் 12-6-74ன்னுதானே எழுதினாங்க.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. 1956ல ஐ.பி.எம். ராமாக்னு ஒரு மெஷின் விட்டாங்க. முதல்முதலா டிஸ்க் வெச்சு விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர். ரெண்டு அடி குறுக்களவுல 50 தட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கும். மொத்தம் 50 லட்சம் எழுத்து பிடிக்கும். மெஷினுக்கு மாச வாடகை 3,200 டாலர். ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு கம்பெனிக்கு பத்து லட்சம் வாடிக்கையாளர்னு வைங்க. ஆளுக்கு மூணு தேதி. ஒவ்வொரு தேதியிலயும் ரெண்டு இலக்கத்தை விட்டா 60 லட்சம் எழுத்து மிச்சம். அதாவது ஒரு முழு ராமாக் மெஷினை விட அதிகம். இன்னிக்கு சித்தப்பாக்கள் வாட்ஸப்ல அனுப்புற குட்மார்னிங் படம் நாலஞ்சு சேந்தா அவ்வளவு வந்துடும். ஆனா அன்னிக்கு அந்த 19ஐ விட்ட ஆள் சோம்பேறி இல்லை, முதலாளிக்குக் காசு மிச்சம் பிடிச்ச கெட்டிக்காரன். 1959ல அறிவிச்ச ஐ.பி.எம். 1401 மெஷின் அப்ப சக்கைப்போடு போட்டது. அதோட அடிப்படை மாடல்ல மெமரி 1,400 எழுத்துதான். இந்தப் பதிவுல நீங்க இதுவரைக்கும் படிச்சதே அதுல அடங்காது.

இங்கதான் நம்ம கோபால் உள்ள வர்றார். 1959 மே மாசம் பென்டகன்ல ஒரு கூட்டம். அமெரிக்க ராணுவம், கம்ப்யூட்டர் கம்பெனிகள், அதை வாங்கின கம்பெனிகள் எல்லாம் வந்திருந்தாங்க. பிரச்சனை என்னன்னா, அன்னிக்கு ஒரு மெஷினுக்கு எழுதின ப்ரோகிராம் இன்னொரு மெஷின்ல ஓடாது. மெஷினை மாத்தினா எல்லாத்தையும் திரும்ப எழுதணும். அதனால எல்லா மெஷினுக்கும் பொதுவா ஒரு மொழி வேணும்னு முடிவு பண்ணினாங்க. கிரேஸ் ஹாப்பர் அம்மா ஏற்கனவே உருவாக்கி வெச்சிருந்த ஃப்ளோமாட்டிக் மொழியை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட இங்கிலீஷ் வாக்கியம் மாதிரியே எழுதலாம். 1960 டிசம்பர்ல யூனிவாக், ஆர்.சி.ஏ.ன்னு ரெண்டு வேற வேற கம்பெனியோட மெஷின்ல ஒரே கோபால் ப்ரோகிராமை ஓட்டிக் காட்டினாங்க.

எனக்கு இதுல ரொம்ப ஆச்சரியமா பட்டது ஒண்ணு. கோபாலை உருவாக்கினதே மெஷின் செத்தாலும் ப்ரோகிராம் சாகக்கூடாதுன்னுதான். அதே கோபால்ல எழுதினவங்க, இந்த ப்ரோகிராம் 2000 வரைக்கும் உயிரோட இருக்காதுன்னு நம்பி ரெண்டு இலக்கத்தை வெச்சாங்க. போதாததுக்கு ஐ.பி.எம். 1964ல சிஸ்டம்/360ஐக் கொண்டுவந்தப்ப, பழைய 1401 ப்ரோகிராம்களையும் அதுல ஓட்டுறதுக்கு வசதி பண்ணிக் குடுத்தாங்க. வாடிக்கையாளருக்கு ஒரே சந்தோஷம். அட்டை போய் டேப் வந்துச்சு, டேப் போய் டிஸ்க் வந்துச்சு. ரெண்டு இலக்கம் மட்டும் வீட்டு மருமகளோட சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி வீடு வீடா கூடவே வந்துக்கிட்டிருந்துச்சு.

யாருக்குமே தெரியலையான்னா, தெரிஞ்சுது. பாப் பெமர்னு ஒருத்தர், ஆஸ்கி எழுத்துத் தொகுப்பை உருவாக்கினதுல முக்கியமான ஆள், 1971லயே எழுதி எச்சரிச்சார். 1970ல 30 வருஷ வீட்டுக்கடன் குடுத்த எந்த வங்கிக்கும் கடைசித் தவணை 2000லதான். அவங்களுக்கு அப்பவே இடிச்சிருக்கும். அமெரிக்காவுல முதியோர் பென்ஷன் குடுக்குற சமூகப் பாதுகாப்புத் துறை 1989லயே வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கணக்கு சரியாயிடுச்சுன்னு அதிபர் கிளின்டன் அறிவிச்சது 1998 டிசம்பர்ல. ஒரே ஒரு துறைக்கு ஒன்பது வருஷம்! மத்தவங்களை உலுக்கினது 1993 செப்டம்பர்ல கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில பீட்டர் டி யாகர் எழுதின ஒரு கட்டுரை. அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிகள்ல பீரோவைத் திறந்து, நம்மகிட்ட எத்தனை ப்ரோகிராம் இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சாங்க.

நடுவுல ஒரு சின்ன கூத்து. நாலால வகுபட்டா லீப் வருஷம், நூறால வகுபட்டா இல்லை, ஆனா நானூறால வகுபட்டா லீப் வருஷம். 2000 லீப் வருஷம்தான். முதல் விதி மட்டும் தெரிஞ்ச ப்ரோகிராமர் தப்பிச்சுட்டார். மூணும் தெரிஞ்சவரும் தப்பிச்சுட்டார். ரெண்டு விதி வரைக்கும் படிச்ச அரைகுறைதான் மாட்டினார். ரெண்டாவது வருஷ இன்ஜினியரிங் மாதிரி :-)

இப்ப ஆள் வேணும். அமெரிக்காவுல கோபால் எழுதின தலைமுறைக்கு வயசாயிடுச்சு, இளசுகள் எல்லாம் இன்டர்நெட் பக்கம் ஓடுது. கோடிக்கணக்கான வரி பழைய ப்ரோகிராமைப் படிக்கணும், ஒவ்வொரு தேதியையும் தேடணும். பொறுமை வேணும், கணக்கு வேணும், மெச்சிக்க யாரும் இருக்க மாட்டாங்க. யாருப்பா வருவா? நம்மாளு வருவான். 1994ல சென்னையில டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டோட ஒரு பிரிவா ஆரம்பிச்சதுதான் பின்னாடி காக்னிசன்ட் ஆச்சு. அவங்க வளர்ந்ததுல ஒய்2கே வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இங்க ஹெச்1பி விசா வருஷத்துக்கு 65,000தான் இருந்துச்சு. 1998ல அது மே மாசமே தீர்ந்துபோச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல சட்டம் போட்டு, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு 1,15,000 ஆக்கினாங்க. எங்க மாமா 1999 ஜனவரியில விமானம் ஏறினது அந்தச் சந்துலதான். தரமணியில டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில. நம்மள்ல பல பேர் இன்னிக்குப் பொட்டி தட்டி சம்பாதிக்கிறோம்னா, அந்த ரோட்டுக்கு ஜல்லி கொட்டினதுல இந்த ரெண்டு இலக்கத்துக்கும் பங்கு இருக்கு.

சரிபண்ண ரெண்டு வழி. ஒண்ணு, எல்லாக் கோப்பையும் எல்லா ப்ரோகிராமையும் நாலு இலக்கத்துக்கு மாத்துறது. சுத்தமான வழி, ஆனா ஒரு கோப்பைத் தொட்டா அதைப் படிக்கிற நூறு ப்ரோகிராமையும் தொடணும். ரெண்டாவது, கோப்பைத் தொடாம, படிக்கும்போது மட்டும் ஊகிக்கிறது. ஒரு எல்லை வருஷம் வெச்சுக்கிட்டு, அதுக்குக் கீழன்னா 20, மேலன்னா 19. சீக்கிரம் முடியும், செலவு கம்மி. நான் தோண்டி எடுத்த நாலு வரி இந்த ரெண்டாவது வகை.

ஜனவரி 1, 2000 வந்துச்சு. விமானம் விழலை, லிஃப்ட் நிக்கலை. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் ஜேன் கார்வி, மக்களோட பயத்தைப் போக்கணும்னு டிசம்பர் 31 அன்னிக்கு தானே ஒரு விமானத்துல ஏறிப் பறந்தாங்க. பத்திரமா இறங்கினாங்க. உலகமே அசடு வழிஞ்சுக்கிட்டு தூங்கப் போச்சு. மொத்தச் செலவு 300ல இருந்து 600 பில்லியன் டாலர் வரைக்கும் ஆகும்னு கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டிருந்தாங்க. இவ்வளவு காசைக் கொட்டி ஒண்ணும் நடக்கலைன்னா ஏமாத்துதானேங்கிற பேச்சு அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு. நான் 2019ல திண்ணையில பேசினது அதோட இருபது வருஷத்து எதிரொலி.

ஆனா ஒண்ணுமே நடக்கலைங்கிறதும் உண்மை இல்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தோட இணையதளத்துல அன்னிக்கு வருஷம் 19100ன்னு காட்டுச்சு. நியூயார்க் மாநிலத்துல ஒரு வீடியோ கடையில கேசட்டைத் திருப்பிக் குடுக்க வந்தவருக்கு நூறு வருஷத் தாமதம்னு 91,250 டாலர் அபராதம் காட்டுச்சு. இதெல்லாம் சிரிக்கிற ரகம். சிரிக்க முடியாததும் இருக்கு. அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் அனுப்பின தகவலைப் படிக்கிற தரைநிலையம் சில நாள் சரியா வேலை செய்யலை. இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர் மருத்துவமனையில, கர்ப்பிணிகளோட வயசைத் தப்பா கணக்கிட்டதால, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வர்ற வாய்ப்பை 150க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தப்பா சொல்லிட்டாங்க. அது வெளிய தெரிய மே மாசம் ஆச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு டுபாக்கூர்ங்கிற வார்த்தை தொண்டையில சிக்கிக்கிச்சு. இது சரிபண்ணாம விட்டுப்போன ஒரே ஒரு இடம். சரிபண்ணின லட்சம் இடங்கள்ல என்ன நடந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்?

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லணும். இத்தாலி மாதிரி அதிகமா செலவு பண்ணாத நாடுகளும் பெரிய சேதம் இல்லாமத் தப்பிச்சாங்க. அது உண்மை. மிக்ஸி, டோஸ்டர் வரைக்கும் வெடிக்கும்னு பயம் காட்டி சரக்கு வித்தவங்க இருந்தாங்க. அதுவும் உண்மை. ஆனா 1960கள்ல இருந்தே மெயின்பிரேமை நம்பி வாழ்ந்த வங்கியும் இன்சூரன்ஸும் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும்தான் அதிகம். தாமதமா ஆரம்பிச்ச நாடுகளுக்கு, மத்தவங்க ஏற்கனவே சரிபண்ணி வெச்ச மென்பொருள் அப்படியே கிடைச்சுது. கொசு மருந்து அடிச்ச தெருவுக்குப் பக்கத்துத் தெருவுலயும் டெங்கு குறையும். அதை வெச்சு மருந்தே தேவையில்லைன்னு சொல்ல முடியாது. வீண் செலவு நிறைய நடந்துச்சுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். பிரச்சனையே இல்லைன்னு சொன்னா, இப்ப ஒத்துக்க மாட்டேன்.

இவ்வளவும் படிச்சு முடிச்சுட்டு மாமாவுக்கு போன் போட்டேன்.

"என்னடா மாப்ள, அங்க அர்த்த ராத்திரியா இருக்குமே? காசு கீசு வேணுமா?"

இல்லை மாமான்னு சொல்லி, அந்த நாலு வரியைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் குரல் மாறிடுச்சு. உரக்கடைக் குரல் இல்லை, எனக்குத் தெரியாத வேற ஒரு குரல்.

"சேந்த தேதியா, பொறந்த தேதியா?"

"சேந்த தேதி மாமா."

"அப்ப 30 சரிதான். 29ல இருபது வயசுல சேந்தவனுக்கு 98ல தொண்ணூறு ஆகப் போகுது. அப்படி ரெண்டொரு பேர் இருந்தா கையால பாத்துக்கலாம்னு விட்டிருப்பான். நாங்க ஹார்ட்ஃபோர்டுல 50 வெச்சோம். பொறந்த தேதிக்கு அது ஆகாது, அதுக்கு மட்டும் நாலு இலக்கம் மாத்தினோம். ஏழு மாசம்டா, அதுக்கு மட்டும்."

"2030ல சேர்றவனுக்கு என்ன ஆகும் மாமா? 1930ல சேந்ததா எடுத்துக்கும். முதல் நாளே நூறு வருஷ சர்வீஸ்."

மாமா பலமா சிரிச்சார். "32 வருஷம் இருக்கே, அதுக்குள்ள இந்த ப்ரோகிராமைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடுவானுங்கன்னு நெனச்சிருப்பான்."

"அறுபத்தஞ்சுல எழுதினவனும் அதைத்தானே மாமா நெனச்சான்?"

"ஆமா. அவனைப் பாத்து நாங்க சிரிச்சோம். இப்ப நீ எங்களைப் பாத்து சிரிக்கிற."

சிரிக்கலை மாமான்னேன். டிசம்பர் 31 ராத்திரி என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். ஆபீஸ்லயே இருந்தாங்களாம், பதினெட்டுப் பேரு. பீட்சா வாங்கிக் குடுத்தாங்களாம். பன்னெண்டு அடிச்சதும் ஸ்க்ரீனைப் பாத்தாங்க, ஒண்ணும் ஆகலை. மேனேஜர் கைகுடுத்தார். நாலு மணிக்கு பனியில நடந்து ரூமுக்குப் போனாராம்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. வயசானவங்க பாலிசி ஒண்ணுல, தேதியை 2000க்குத் தள்ளி வெச்சு டெஸ்ட் பண்ணினப்ப, பாலிசி காலாவதின்னு சில ஆயிரம் பேருக்கு கடுதாசி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நான்தான் புடிச்சேன். சரிபண்ணினோம். அந்தக் கடுதாசி போகலை." கொஞ்சம் நிறுத்திட்டு சொன்னார், "போகாத கடுதாசியை எப்படிடா எடுத்துக் காட்டுறது?"

2019 பொங்கலுக்கு நான் பேசினது தப்பு மாமான்னு சொன்னேன். எதுடான்னார். மறந்துட்டாரா, மறந்த மாதிரி பேசினாரான்னு எனக்குத் தெரியலை. யூரியா லோடு வந்திருக்கு, வெக்கிறேன்னு வெச்சுட்டார்.

என் கருத்து இதுதான் மக்களே. நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சவனுக்குத்தான் மாலை. கார் ஷெட்டுல கம்பெனி ஆரம்பிச்சவன், புது மொழி எழுதினவன், பழசை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதினவன். இவங்க பேரெல்லாம் நமக்கு மனப்பாடம். பழசை ஓடவெச்சவன் பேரு மூணு எழுத்து இனிஷியல். லெகசின்னு சொல்லும்போது நம்ம மூக்கு லேசா சுளிக்கும். இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு முன்னோர் விட்டுப்போன சொத்துன்னு அர்த்தம், நாமதான் அதைக் குப்பைன்னு மாத்திட்டோம்.

அந்தச் சொத்து எப்ப ஞாபகத்துக்கு வரும்? உடையும்போது. 2014ல ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிய வந்தப்பதான், உலகத்துல பாதி இணையதளம் நம்பி இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஒரு சின்னக் கைப்பிடி ஆட்கள் பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு தெரிஞ்சுது. 2020 ஏப்ரல்ல கொரோனாவுல வேலை போனவங்க எல்லாரும் நிவாரணத்துக்கு விண்ணப்பிச்சப்ப, நியூ ஜெர்சி கவர்னர் ஃபில் மர்ஃபி பத்திரிகையாளர் கூட்டத்துல கோபால் தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்னு கேட்டார். மாமாவுக்கு அந்தச் செய்தியை யாரோ அனுப்பினாங்களாம். உரக்கடையில உக்காந்து படிச்சிருக்கார்.

எல்லை வருஷக் கணக்கும் முடியலை. ஸ்ப்ளங்க்னு ஒரு மென்பொருள், உலகம் பூரா கம்பெனிகள் வெச்சிருக்கிறது. ரெண்டு இலக்க வருஷத்தை அது 19 வரைக்கும்தான் புரிஞ்சுக்கும், 2020 பொறக்குறதுக்குள்ள சரிபண்ணுங்கன்னு 2019 கடைசியில அவங்களே அறிவிச்சாங்க. அடுத்தது 2038. யுனிக்ஸ் வழியில வந்த கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1ல இருந்து நொடியை எண்ணிக்கிட்டு வருது. அதை 32 பிட்ல எண்ணுற பழைய மெஷின்களுக்கு, 2038 ஜனவரி 19 நம்ம ஊர் நேரம் காலைல 8 மணி 44 நிமிஷம் 7 நொடியோட எண்ணிக்கை தீந்துடும். அடுத்த நொடி 1901க்குப் போயிடும். லினக்ஸ்ல இதுக்கான பெரிய வேலையை 2020ல வந்த 5.6 பதிப்போட பெருமளவு முடிச்சுட்டாங்க. யார் முடிச்சாங்கன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 2038 ஜனவரி 20 அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா ஓடினா, எந்தத் திண்ணையிலயாவது ஒரு ரெண்டாவது வருஷப் பையன் டுபாக்கூர்னு சொல்லுவான். சொல்லட்டும். அப்படிச் சொல்ற அளவுக்கு எல்லாம் ஒழுங்கா ஓடணும்.

என்னோட 30 என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. சூப்பர்வைசர் அம்மாகிட்ட சொன்னேன். 2030க்கு முன்னாடி ஜாவா வந்துடுமேன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. மாமா சொன்னதைச் சொன்னேன், அவங்களும் சிரிச்சுட்டாங்க. கடைசியில கோப்பையே நாலு இலக்கத்துக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. மூணு வாரம் ஆச்சு. அதைப் படிக்கிற 41 ப்ரோகிராமையும் தொட வேண்டியதாப் போச்சு. முடிஞ்சதும் போன வெள்ளிக்கிழமை பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒப்பிட்டு ஓட்டினோம். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியலை. அந்த நாலு வரியை எடுத்துட்டேன். 1998 நவம்பர் குறிப்பை மட்டும் அழிக்க மனசு வரலை. அதுக்குக் கீழ தேதி போட்டு என் இனிஷியலை எழுதி வெச்சேன்.

டிசம்பர்ல ஊருக்குப் போறேன். இந்தத் தடவை பொங்கலுக்குத் திண்ணையில யாராவது "அமெரிக்கா போயும் உரக்கடை"ன்னு ஆரம்பிச்சா, அந்தப் போகாத கடுதாசிக் கதையை நான் சொல்லப் போறேன்.

டிஸ்கி: வீட்டுல யாராவது 97, 98ல கோபால் படிச்சிருந்தா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.